சிவபாக்கியம் அம்மாவுக்கு ஈமெயில் இல்லை

போன மாதம் திவ்யா தொலைபேசியில் என்னைப் பிடித்தாள். நான் முப்பத்தாறு வருடம் வேலை செய்த ஆய்வுகூடத்தில், இப்போது என்னுடைய நாற்காலியில் இருப்பவள் அவள்தான். ஒன்லைனில் ரிப்போர்ட் பார்ப்பவர்களின் தொல்லைகளை எல்லாம் கேட்டுத் தீர்த்துவைக்கும் பகுதி அது.

"அங்கிள், ஒரு சின்னக் கேள்வி. எங்கட ஒன்லைன் ரிப்போர்ட்டுக்குள்ள போறதுக்கு ஈமெயிலும் போடலாம், யூசர்நேமும் போடலாம் எண்டு ஏன் வச்சீங்க? புது சொஃப்ட்வெயார் செய்யிற ஆட்கள் கேக்கிறாங்க. மற்ற எல்லா இடத்திலயும் ஈமெயில் மட்டும்தானாம். இந்த யூசர்நேம் பெட்டிய எடுத்துவிட்டா வேலை லேசாம்."

"ஃபைலில பார்க்கலயா?"

"ஃபைல் ஒண்டும் இல்ல அங்கிள். யார் சொன்னது, ஏன் சொன்னது, ஒண்டுமே இல்ல."

ஃபைல் இருக்காது. அந்த முடிவு கூட்டம் போட்டு எடுத்ததல்ல. பகல் சாப்பாட்டு நேரத்தில், ரத்தம் எடுக்கும் சிறிய அறையில் வைத்து எடுத்தது. அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் பரீதா மிஸ். அவர் இப்போது பிள்ளைகளோடு கத்தாரில் இருக்கிறார். இரண்டாவது ஆள் நான். மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரை மாத்தும் தம்பி, நடந்ததை மாத்தாதையும்" என்றார். அதன்படி பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் கொட்டாஞ்சேனை ஆள். படிப்பு பெரிதாக ஏறவில்லை. கோயிலில் பழக்கமான ஒருவர் சொல்லி, வெள்ளவத்தையில் இருந்த இந்த ஆய்வுகூடத்தில் ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டரில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் எனக்கு வேலை பழக்கியவர் பரீதா மிஸ். வயதில் என்னைவிட ஏழெட்டு வருடம்தான் மூப்பு. ஆனால் அவருக்கு முன்னால் நின்றால் பாடசாலையில் நிற்பது போல இருக்கும். குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி முந்தானை ஓரத்தால் துடைப்பார். இரண்டு கண்ணாடியையும் துடைத்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை வராது. அந்த நேரத்தில் நாங்கள் செய்த பிழை எங்களுக்கே விளங்கிவிடும்.

அன்றைய முறையை அப்படியே சொல்கிறேன். ஆள் பற்றுச்சீட்டோடு வருவார். பெயரைக் கேட்க வேண்டும். நாங்கள் சொல்லி அவர் "ஓம்" என்று தலையாட்டக் கூடாது, அவர் வாயால் அவர் பெயர் வரவேண்டும். பிறகு அடையாள அட்டை. பிறகு பெட்டியில் இருந்து கவரை எடுத்து, பெயருக்குக் கீழே விரலை வைத்து அவருக்கே காட்டி, "இது நீங்கதானே?" என்று கேட்டு, புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். வேறு ஆள் வந்தால் நோயாளி தன் கையால் எழுதிய கடிதம் வேண்டும். புருஷனுக்கும் அதுதான், பொஞ்சாதிக்கும் அதுதான். ஒருமுறை ஒரு பெரிய மனிதர் தன் மனைவியின் ரிப்போர்ட்டைக் கேட்டு மேசையில் தட்டினார். பரீதா மிஸ் கண்ணாடியைத் துடைத்தார். அந்த மனிதர் வீட்டுக்குப் போய்க் கடிதத்தோடு திரும்பி வந்தார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ரிப்போர்ட்டில் பாரதூரமான ஏதாவது இருந்தால், கவரின் வலப்பக்க மூலையில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடப்பட்டிருக்கும். பார்ப்பவர்களுக்குத் தூசு மாதிரித்தான் தெரியும். கவுண்டரில் இருக்கும் எங்களுக்கு அதன் பொருள் தெரியும். அந்தக் கவரை வாங்க வந்தவரை நிற்க வைக்கக் கூடாது. கதிரை கொடுக்க வேண்டும். "இண்டைக்கே டொக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ரிப்போர்ட் டொக்டருக்கு நேரே போவதில்லை. நோயாளிதான் சனல் பண்ணி, அதாவது டொக்டரிடம் நேரம் பதிந்து, கவரைக் கையில் கொண்டு போகவேண்டும். கவர் போகாவிட்டால் டொக்டருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கோட்டின் வேலை அவ்வளவுதான்.

பிறகு கணினி வந்தது. அதற்குப் பிறகு கொரோனா வந்தது. யாரும் யார் பக்கத்திலும் நிற்கக் கூடாத காலத்தில், ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒன்லைனில் போடுவது என்று மேலிடம் முடிவு செய்தது. ஈமெயில் முகவரிதான் ஒவ்வொருவருக்கும் திறப்பு, சாவி மாதிரி. முகவரியை அடித்து, கடவுச்சொல்லை அடித்தால் ரிப்போர்ட் திறக்கும். தாளில் வேண்டுமென்றால் கவுண்டருக்கு வரலாம். ஆனால் நாங்கள் பிரிண்ட் அழுத்தினால் முதலில் அந்த ஈமெயிலுக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும். அந்த எண்ணைச் சொன்னால்தான் தாள் வெளியே வரும். கவுண்டரில் இருப்பவன் கண்டவனுக்கும் ரிப்போர்ட்டைத் தூக்கிக் கொடுக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே சரியென்று கையெழுத்துப் போட்டேன். ஆங்கிலம் கொஞ்சம் தெரியும், பொறுமையும் இருக்கிறது என்று என்னைத்தான் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாகவும் போட்டார்கள்.

வெள்ளவத்தையைத் தெரிந்தவர்களுக்கு அடுத்தது என்ன நடந்திருக்கும் என்று இப்போதே விளங்கியிருக்கும். காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் உள்ள அடுக்குமாடிகளில், பாதிக்கு மேல் தனியாக இருக்கும் வயதானவர்கள். பிள்ளைகள் கனடாவில், லண்டனில், மெல்பேர்னில். பதிவு மேசையில் "ஈமெயில் என்ன?" என்று கேட்டதும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். பேர்ஸைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாள் துண்டை எடுத்து நீட்டினார்கள். மகனுடைய கையெழுத்தில், அல்லது மருமகளுடைய கையெழுத்தில், ஒரு முகவரி. அது தங்களுடையதல்ல என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. வங்கிக்கும் அதுதான், விசாவுக்கும் அதுதான், எங்களுக்கும் அதையே தந்தார்கள். நாங்களும் வாங்கி அடித்தோம்.

பிறகு தொடங்கியது கூத்து. கடவுச்சொல் மறந்துபோனால் புதிது எடுக்க ஒரு லிங்க் போகும். பதினைந்து நிமிடத்தில் அது செத்துவிடும். இங்கே காலை பத்து மணிக்கு ஐயா கவுண்டரில் நின்று கேட்கும்போது கனடாவில் மகன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். அவன் எழும்பிப் பார்க்கும்போது லிங்க் காலாவதி. அவன் அங்கிருந்து புதிது கேட்டால் இங்கே ஐயா நித்திரை. ஒரு தகப்பனும் மகனும் பதினொரு நாள் இப்படி மாறி மாறி முயற்சி செய்தார்கள். கடைசியில் ஐயா என்னிடம் சொன்னார்: "தம்பி, எனக்குச் சீனி எவ்வளவு எண்டு கனடா முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது."

மற்றப் பக்கத்தில், ஈமெயிலே இல்லாதவர்கள். எங்கள் கிளை ஒன்று கொட்டாஞ்சேனையில் இருந்தது. மட்டக்குளி, கிராண்ட்பாஸ் ஆட்கள் அங்கேதான் வருவார்கள். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுபவரிடம், மீன் விற்கும் அக்காவிடம் ஈமெயில் கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். பெட்டியை வெறுமையாக விட்டால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. வரிசை நீண்டுகொண்டே போகும். பாவப்பட்டு, அங்கே பொறுப்புப் பார்க்கப் போகும் நாட்களில் நான் என்னுடைய ஈமெயிலையே போட்டுவிட்டேன். ஒரே முகவரியை இரண்டு பேருக்குக் கணினி ஏற்காது என்றபடியால், எண் சேர்த்துச் சேர்த்துப் புதிது புதிதாக முகவரிகள் உண்டாக்கினேன். ரிப்போர்ட் வந்தால் நானே ஆளைக் கூப்பிட்டுச் சொல்வேன். நல்ல காரியம் செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு. ஊரில் எனக்குக் கொஞ்சம் பெயரும் வந்தது, அதை மறைப்பானேன்.

இதைப் பரீதா மிஸ் கண்டுபிடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியைத் துடைத்து முடித்தார்.

"அன்டன், உங்கட ஊட்டுல எத்தின பேர்ட ரிப்போர்ட் கிடக்குது?"

"ஈமெயிலில்தான் மிஸ். வீட்டில இல்ல."

"ஈமெயிலை எங்க வச்சுப் பாக்கிறீங்க?"

"ஃபோனில."

"ஃபோன் எங்க இருக்கும்?"

"வீட்டில, மிஸ்."

"அப்ப ஊட்டுலதான். போன கிழமை ரிப்போர்ட் வந்த பொம்பளைக்குப் புள்ளை தங்கினது அவட புருஷனுக்கு முந்தி உங்களுக்குத் தெரியும். நல்லா ஈக்குதா அது?"

 அன்று பின்னேரம் எல்லா முகவரிகளையும் பட்டியல் எடுத்து, ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, ரிப்போர்ட்டைத் தாளில் கொடுத்து, என் பெட்டியில் இருந்தவற்றை அவர் முன்னாலேயே அழித்தேன். அத்தோடு பாடம் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். படிக்கவில்லை என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது.

சிவபாக்கியம் அம்மா ஓய்வுபெற்ற தபாலதிபர். வடக்கில் சில ஊர்களில் வேலை செய்து, கடைசியில் கொழும்புக்கு வந்தவர். கணவர் இல்லை. ஒரே மகன் குகன் கனடாவில். கடற்கரைப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் மூன்றாம் தட்டில் தனியாக இருந்தார். மார்பில் ஒரு கட்டியைக் கண்டு டொக்டரிடம் போக, அவர் சதையில் கொஞ்சம் வெட்டி எடுத்துச் சோதனைக்கு எங்களிடம் அனுப்பினார். ரிப்போர்ட் வந்ததும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டிருந்தார். பதிவு மேசையில் அன்று ஆள் குறைவு, நான்தான் இருந்தேன். அம்மா பேர்ஸைத் திறந்து துண்டை எடுத்துத் தந்தார். குகனுடைய முகவரி. நான்தான் அடித்தேன்.

பதினைந்து நாளுக்குப் பிறகு குடையும் துணிப்பையுமாக வந்தார்.

"தம்பி, என்ர பயொப்சி ரிப்போர்ட் வந்திட்டுதோ? மகன் ஒண்டுமில்லை எண்டு சொல்லுறான். டொக்டரிட்டப் போகத் தேவையில்லையாம். எண்டாலும் நான் ஒருக்காப் பாக்கவேணும்."

கணினியில் தேடினேன். ரிப்போர்ட் ஐந்து நாளுக்கு முன்பே திறக்கப்பட்டிருந்தது. நான் டொக்டர் அல்ல. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் அந்தத் தாள்களை மூன்றாக மடித்துக் கவரில் போட்டவனுக்கு எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். பார்த்தேன். தாளாக இருந்திருந்தால் அந்தக் கவரின் மூலையில் பென்சில் கோடு இருந்திருக்கும். கணினியில் அதற்கு இடமில்லை. அதன் கீழே எங்கள் தொலைபேசிப் பிரிவு எழுதிய ஒரு குறிப்பு மட்டும் இருந்தது: பாவனையாளர் கேட்டுக்கொண்டபடி கவுண்டரில் பிரதி வழங்க வேண்டாம். கணினிக்குத் தெரிந்த பாவனையாளர் குகன். எனக்கு எதிரே குடையோடு நின்ற மனுசி கணினிக்கு யாருமில்லை.

"சிஸ்டம் கொஞ்சம் பழுது அம்மா. அடுத்த கிழமை பாருங்க" என்றேன்.

அன்றே குகனைத் தொலைபேசியில் பிடித்தேன். அவனைத் திட்டத்தான் எடுத்தேன். ஆனால் அவன் அழுதான்.

"அண்ணை, அம்மா அங்க தனிய. இதைத் தனியக் கேட்டா தாங்கமாட்டா. ரெண்டு மாசத்தில எனக்கு லீவு கிடைக்கும். நான் வந்து, பக்கத்தில இருந்து, மெதுவாச் சொல்லி, டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறன். அதுமட்டும் ஒண்டும் சொல்லாதேங்கோ. உங்களைக் கும்பிடுறன்."

இரண்டு மாதம் அந்த நோய்க்கு எவ்வளவு பெரிய காலம் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அழுதது எனக்குள் இறங்கிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. தாயை நேசிக்கிறவன். சரி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த கிழமை அம்மா வந்தார். சிஸ்டம் பழுது என்றேன். அதற்கடுத்த கிழமையும் வந்தார். அவருடைய அடுக்குமாடியில் லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று எங்கள் வாசல் காவலாளி சொல்லித் தெரியும். மூன்று தட்டு இறங்கி வந்து, மூன்று தட்டு ஏறிப் போகவேண்டும். அன்றும் நான் பழுது என்றேன். இந்த முறை அவர் போகவில்லை. கவுண்டருக்கு எதிரே கிடந்த கதிரையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பதினொரு மணியானது, பன்னிரண்டு மணியானது. நான் கணினியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகல் தொழுகைக்கு, லுஹர் தொழப் போகும் வழியில் பரீதா மிஸ் கண்டுவிட்டார்.

"அன்டன், அந்த அம்மா ஏன் காலைலேருந்து இருக்கிறாங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். குகன் அழுததையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"சதை வெட்டினது யார்ட உடம்புல?"

"அவங்கட."

"ரிப்போர்ட்டில யார்ட பேர் ஈக்குது?"

"அவங்கட பேர். ஆனா சிஸ்டத்தில அக்கவுண்ட் மகன்ட ஈமெயிலில..."

"அதை டைப் பண்ணினது யாரு?"

"நான் மிஸ்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நேரே உள்ளே போனார். ஆறு இலக்க எண்ணும் வேண்டாம், குகனும் வேண்டாம், சோதனை செய்த டொக்டரின் அறையில் இருந்தே அசல் தாளை எடுப்பித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்லைன் வந்ததிலிருந்து தொடாத பழைய கவர்க் கட்டை அலுமாரியில் இருந்து எடுத்தார். தாளை மூன்றாக மடித்தார். ஒட்டினார். மேசையில் பென்சில் தேடினார். இல்லை. என் சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்து மூலையில் ஒரு கோடு போட்டார். கவரை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே குடுங்க. முறையாக் குடுங்க."

ரத்தம் எடுக்கும் சிறிய அறை காலியாக இருந்தது. அம்மாவை அங்கே கூட்டிப்போய் இருத்தினேன். பெயரைக் கேட்டேன். முழுப் பெயரையும் சொன்னார். அடையாள அட்டையைப் பார்த்தேன். கவரில் பெயருக்குக் கீழே விரலை வைத்து, "இது நீங்கதானே அம்மா?" என்றேன். "நான்தான்" என்றார். 

அவர் கவரின் ஓரத்தைச் சேதமில்லாமல் கிழித்தார். தாளை இரண்டு முறை வாசித்தார். மடித்து மறுபடியும் கவருக்குள் வைத்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி. நல்ல செய்தியெண்டா அவன் ஃபோட்டோ எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பியிருப்பான்."

பரீதா மிஸ் அவருக்குத் தண்ணீர் கொடுத்தார். அதை வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தபால் கந்தோரில இருக்கேக்க, தந்தி வந்தால் வாசிக்கத் தெரியாத சனத்துக்கு நான்தான் வாசிச்சுச் சொல்லுறது. செத்த செய்தியும் வாசிச்சிருக்கிறன். புருசன் செத்ததைப் பெண்சாதிக்கு வாசிச்சிருக்கிறன். ஒருத்தருக்கும் மாத்தி வாசிக்கேல்லை. நீர் மூண்டு தரம் சிஸ்டம் பழுதெண்டு சொன்னீர். மூண்டு தரமும் என்ர முகத்தைப் பாக்கேல்லை."

அழ வேண்டியவர் அவர். அழுதது நான். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மா" என்றேன். அவர் கவரைப் பையில் வைத்தார். மன்னித்தேன் என்று இன்றுவரை சொன்னதில்லை, நானும் திரும்பக் கேட்கவில்லை.

பரீதா மிஸ் அங்கிருந்தே தொலைபேசியில் பேசி அன்று பின்னேரத்துக்கே டொக்டரிடம் நம்பர் எடுத்துக் கொடுத்தார். பிறகு அம்மாவிடம், இனிமேல் வரும் ரிப்போர்ட்டுகள் உங்களுக்கே வரவேண்டும், உங்களுக்கென்று ஒரு ஈமெயில் உண்டாக்கித் தரட்டுமா என்று கேட்டார்.

"எனக்கு ஒருத்தரும் ஈமெயில் எழுதிறதில்லை. இதுக்கு மட்டும் ஒண்டு எதுக்கு? எனக்கொரு பேர் இருக்குத்தானே பிள்ளை. அதைச் சொன்னா உங்கட மெசின் திறக்காதோ?"

பரீதா மிஸ் என்னைப் பார்த்தார். "திறக்குமா அன்டன்?"

"கேட்டுப் பார்க்கிறன் மிஸ்."

"கேக்க வேணாம். திறக்க வைங்க."

முடிவு எடுக்கப்பட்ட கூட்டம் இவ்வளவுதான். திவ்யா தேடிய ஃபைல் இதுதான்.

எங்கள் கணினி வேலைகளைப் பார்த்த நுவன் நல்ல பொடியன். கேட்டதும் கையை விரித்தான். "ஈமெயில் நெத்துவ பே, அய்யே" என்றான் சிங்களத்தில். ஈமெயில் இல்லாமல் முடியவே முடியாதாம். தொலைபேசி எண்ணை வைக்கலாமே என்றான். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்கு ஒரு ஃபோன், அதுவும் மகனின் கையில், அதனால் அது ஈமெயிலைவிட மோசம் என்று நான் விளக்கினேன். யோசித்தான். அடுத்த நாள் அவனே வந்து சொன்னான்: கணினிக்கு உள்ளே ஒவ்வொருவருக்கும் பெயர் என்று ஒரு இடம் ஏற்கெனவே இருக்கிறது, நாங்கள்தான் சோம்பலில் அதற்குள்ளேயும் ஈமெயிலையே பிரதி பண்ணி வைத்திருக்கிறோம் என்று. அதைத் திறந்துவிட்டால் போதும். ஒரு கிழமையில் செய்து கொடுத்தான்.

"மறந்துபோனா என்ன செய்யிறது?" என்று மட்டும் கேட்டான். "லிங்க் அனுப்ப ஈமெயில் இல்லையே."

"வந்து கேக்கட்டும்" என்றார் பரீதா மிஸ். "ஆளைப் பார்த்து, ஐடி பார்த்து, புதுசு குடுப்போம். வர ஏலாதவங்கட ஊட்டுக்கு ரத்தம் எடுக்கப் போற ஆள் போகட்டும்."

முறையையும் அவரே வகுத்தார். யூசர்நேமை நாங்கள் கேட்கக் கூடாது. விசைப்பலகையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அடிக்கத் தெரியாதவர் ஒரு துண்டில் எழுதித் தந்தால், அடித்து முடித்ததும் துண்டை அவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். அடையாள அட்டை எண்ணை வைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம். கொட்டாஞ்சேனையில் மேரி என்று வைக்க வந்தவர்கள் மட்டும் எத்தனை பேர். ஒருவர் தன் ஆட்டோ நம்பரை வைத்தார். மட்டக்குளி மீனவர் ஒருவர் படகின் பெயரை வைத்துவிட்டு அதை எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போனார், அவரைத் திருப்பிக் கூப்பிட்டு மாற்ற வைத்தோம்.

முதல் யூசர்நேம் சிவபாக்கியம் அம்மாவுடையது. அவர் கணக்கில் இருந்து குகனின் ஈமெயிலை எடுத்துவிட்டோம். கணினியில் அவருக்கு அடிக்க வராது, துண்டில் எழுதித் தந்தார். அதனால் எனக்கு அது தெரியும். இங்கே எழுதமாட்டேன்.

ஒப்பரேசனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இன்னும் ஒரு மாதம் பிந்தியிருந்தால் ஒப்பரேசனால் பயனில்லாமல் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். அம்மா மகனுக்கு, "ஒப்பரேசன், டிக்கற் போடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். குகன் கிடைத்த விமானத்தில் ஏறி வந்துவிட்டான். வந்த மறுநாளே தாயையும் கூட்டிக்கொண்டு எங்கள் கவுண்டருக்கு வந்தான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன.

"ஆர் குடுத்தது? சொல்ல வேண்டாம் எண்டு கேட்டனான் எல்லோ? என்ர ஈமெயிலும் இப்ப திறக்குதில்லை. பழைய ரிப்போர்ட் எல்லாம் எனக்கு வேணும். அம்மாட யூசர்நேம் என்ன?"

"தம்பி, அதை அம்மாதான் சொல்லவேணும்."

"நான் அவவின்ர மகன்."

"ஓம் தம்பி. தெரியும்."

பின்னால் கதிரையில் இருந்த அம்மா எழும்பி வந்தார். மகனிடம் ஃபோனை வாங்கி, எங்கள் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் நேரம் எடுத்து அடித்தார். ரிப்போர்ட் திறந்தது. ஃபோனை அவனிடம் கொடுத்தார்.

"இந்தா. வாசி. நான் கண்ணாடி கொண்டுவரேல்லை. கேக்கிற மாதிரி வாசி."

கண்ணாடி அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குகனும் அதைக் கண்டான். அவன் வாசிக்கத் தொடங்கினான். பெயர், வயது, எடுத்த இடம், அளவு எல்லாம் வாசித்தான். அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டான்.

"நிக்காதை. வாசி."

வாசித்தான். அந்தச் சொல்லையும் வாசித்தான். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கீழே பார்த்தார்கள். முடிந்ததும் அம்மா அவன் கையில் இருந்த ஃபோனை எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தார். அவன் தலையைத் தடவினார். "இனி இப்பிடித்தான் வாசிக்கவேணும்" என்றார். பிறகு இரண்டு பேரும் படியிறங்கிப் போனார்கள். அவன்தான் குடையைப் பிடித்தான்.

இவ்வளவையும் திவ்யாவுக்குச் சொல்லி முடிக்க முக்கால் மணித்தியாலம் போனது. 

"அங்கிள், அந்த அம்மா இப்ப?"

"இருக்கிறாங்க. ஆறு மாசத்துக்கொருக்கா உங்களிட்டத்தான் ரத்தம் குடுக்கிறாங்க. ஈமெயில் இல்லாதவங்கட பட்டியல் எடுத்தீங்க எண்டா முதல் ஆள் அவங்கதான். பெட்டிய எடுக்கிறதெண்டா நீங்களே கூப்பிட்டு ஈமெயில் கேளுங்க."

அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று குரலில் தெரிந்தது. ஆனாலும் கடமைக்காரி, கூப்பிட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து எனக்கு எடுத்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"நான் ஈமெயில் எண்டு தொடங்கவே இல்ல அங்கிள். ஆய்வுகூடத்தில இருந்து கதைக்கிறன் எண்டு சொன்ன உடன, 'என்ர ரிப்போர்ட் வந்திட்டுதோ பிள்ளை?' எண்டு கேட்டாங்க. காலைலதான் போட்டிருந்தோம். ஓம் எண்டன்."

"பிறகு?"

"'அப்ப ஃபோனை வையும், நான் பாக்கப்போறன்' எண்டு வச்சிட்டாங்க."

திவ்யா அந்தப் பெட்டியை எடுக்கவில்லை.